மச்சாளின் நீலக் குருவி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் சமையலிலோ சாமி காரியத்திலோ எனக்கு ஒருவரும் புத்தி சொல்லத் தேவையில்லை என்ற எண்ணம். அந்தக் கொழுப்பால் ஒரு குருவி செத்தது.

குருவி என் மச்சாளுடையது. என் கணவரின் தங்கை. கலியாணம் கட்டாதவள், ரீச்சராக இருந்து பென்சன் எடுத்தவள். அவர் கண்ணை மூடிய பிறகு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். அவளிடம் படித்த பிள்ளை ஒன்று வெளிநாடு போகும்போது அந்த நீலக் குருவியைக் கூட்டோடு கொடுத்துவிட்டுப் போனது. லவ் பேர்ட்ஸ் என்பார்களே, அந்தச் சாதி. மச்சாள் காலையில் பேப்பரை உரத்து வாசிக்க, அது தலையைச் சரித்துக் கேட்கும். என்னைக் கண்டால் முதுகைக் காட்டும்.

வெள்ளிக்கிழமைகளில் வீடு கழுவி, சிரட்டைக் கரியில் சாம்பிராணி போடுவது என் வேலை. குருவிக்குப் புகை ஆகாது, கூட்டைப் பல்கனியில் வைத்துவிட்டுப் போடுங்கோ என்று மச்சாள் சொல்லியிருந்தாள். ஆர் சொன்னது என்று கேட்டேன். புத்தகத்தில் இருக்கிறது என்றாள். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. பச்சைப் பிள்ளைகளே அந்தப் புகையில் தலை காய்ந்து வளர்ந்ததுகள், குருவிக்கு மட்டும் என்ன வந்தது என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளி, மச்சாள் கோயிலுக்குப் போயிருந்தாள். நல்ல மழை, காற்று. ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டுப் புகை போட்டேன். கூட்டை அசைக்கவில்லை. அடுப்படியில் ரசத்தை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் குருவி கூட்டின் அடியில் கிடந்தது. சூடு கூட ஆறவில்லை.

பல்கனியில் கறிவேப்பிலைக் கன்று நின்ற பூச்சாடியைக் கரண்டியால் கிண்டி அதற்குள் புதைத்தேன். கூட்டையும் ஜன்னலையும் திறந்து வைத்தேன். மச்சாள் வந்ததும், தண்ணீர் வைக்கத் திறந்தேன், பறந்துவிட்டது என்றேன். அவள் என்னைத்தான் தேற்றினாள். உங்களில் பிழையில்லை, கவலைப்படாதேங்கோ என்றாள்.

பிறகு மாதக் கணக்காகப் பல்கனியில் ஒரு கோப்பையில் தினை வைத்தாள். காகமும் புறாவும் தின்றன. பழக்கடைக்காரனிடம் சிங்களத்தில் விசாரித்தாள். கடற்கரைக்கு நடக்கப் போனால் தண்டவாளத்து மரங்களை அண்ணாந்து பார்ப்பாள். நானும் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கறிவேப்பிலையோ மதமதவென்று வளர்ந்தது. மச்சாள் மீன், முட்டை என்று மச்சம் ஒன்றும் தொடாத சுத்த சைவம். ரசத்துக்கு அந்த இலையைக் கிள்ளும்போதெல்லாம், உங்கட கை ராசி என்று என்னை மெச்சுவாள்.

ஒரு வருடம் கழிந்து, போன மாதம், மரத்துக்கு இடம் காணாது என்று பெரிய சாடி ஒன்று வாங்கி வந்தாள். கரண்டியோடு குந்தினாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"கிண்டாதையும். உம்மட குருவி அதுக்குள்ள கிடக்கு. நான்தான் புகை போட்டுச் சாகடிச்சனான்."

அவள் கரண்டியை வைத்துவிட்டு எழும்பிப் போனாள். இரண்டு நாள் என்னோடு ஒரு கதையும் இல்லை. பேப்பரைக்கூட மனதுக்குள் வாசித்தாள். அவள் ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்கு அது பழக்கம்.

மூன்றாம் நாள் கறிவேப்பிலை போடாமல் ரசம் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப ஒரு வருசமா எனக்கு மச்சம் தீத்தியிருக்கிறீங்கள்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பாடு முடிந்ததும் சாடியடிக்குக் கூட்டிப் போனாள். ஒரு சின்ன இலையில் தினையும் வெள்ளரித் துண்டும் வைத்தாள். செத்த எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவைப் பிந்திச் செய்கிறாளாம். அதோடு, நீங்களே வாயால் சொல்லி அனுப்புங்கோ என்றாள். இந்த வயதில், அடுத்த வீட்டுப் பல்கனியில் உடுப்புக் காயப்போடுகிற பெண் பார்க்க, நான் ஒரு பூச்சாடியைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"என்ர திமிராலதான் உனக்கு இப்பிடி வந்தது. கோவிக்காதை, குஞ்சு. போயிட்டு வா."

"வரச் சொல்லாதேங்கோ, மச்சாள்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒருக்கா வந்து பட்ட பாடு போதும்."