கயல் எழுதிய ஒரு வரி

இன்று காலை டேட்டாபேஸ் லைப்ரரியைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றினேன். ஆப் எழுந்திருக்கவே மறுத்துவிட்டது. டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் எரர். "இந்த சர்வீஸுக்கு ஒரு கனெக்‌ஷன் வேண்டும், அதைக் கொடுக்க யாரும் பதிவாகவில்லை" என்று அதே புலம்பல். மதியம் வரை மோதிப் பார்த்தேன்.

அந்தப் பகுதியை எழுதியவர் கயல். தரங்கம்பாடிக்காரர். எங்கள் கும்பகோணம் ஆபீஸில் மூன்று வருடம் எனக்குப் பக்கத்து சீட். இப்போது பெங்களூரில் வேறு கம்பெனி.

பேசக் காரணமில்லாமல் எட்டு மாதம் போயிருந்தது. இன்று காரணம் கிடைத்தது. போனில் கூப்பிட்டு எரரைப் படித்துக் காட்டினேன்.

"கனெக்‌ஷனைப் பதிவு பண்ற வரி ஒண்ணு கடைசியில இருக்குமே, அழிச்சிட்டீங்களா?"

அழித்திருந்தேன். வெர்ஷன் மாற்றும்போது, எதற்கும் உதவாத வரி என்று நினைத்து.

திரும்பப் போட்டதும் ஆப் ஓடியது.

"ஆத்துல தண்ணி வந்துடுச்சா?" என்றார்.

"நேத்துதாங்க வந்துச்சு."

"பாலத்துல நின்னு பார்த்தீங்களா?"

வருடா வருடம் ஆபீஸ் விட்டதும் இருவரும் போய்ப் பார்ப்போம்.

"வேலை இருந்துச்சுங்க" என்றேன்.



"வேற ஏதும் எரர் இருக்கா?"

"இல்லைங்க."

வைத்துவிட்டார்.

நண்பர்களே, மாதாமாதம் புது வெர்ஷன் விடுகிற லைப்ரரி ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். நாளைக்கே போட்டுவிடுகிறேன்.