பனை எடுத்துக்கொண்ட தூண்டில் முட்கள்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களும் அப்பாவின் நண்பர்களும் பொறுமையோடு கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் குடும்பத்தில் பேனா பிடித்து எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பாவைப் புகழ்ந்து எழுதினால் அவர் இருந்திருந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இதில் என் தவறும் ஒன்று இருக்கிறது.

அப்பா மாகறலில் பிறந்தார். ஒன்பது வயதில் தகப்பனாரை இழந்தார். பிழைக்க வழியில்லாமல் காஞ்சிபுரத்தில் தாய்மாமன் வீட்டுக்கு வந்து, பாவு புணைக்கும் வேலையில் சேர்ந்தார். தறியில் பழைய பாவு தீரும்போது, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதனோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று நழுவினாலும் சேலையில் கோடு விழும். முப்பது ஆண்டுகளில் அப்பாவின் கைப்பட்ட இழை நழுவியதாக எந்த வீட்டிலும் புகார் வந்ததில்லை.

என்னை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பியபோது, பெண்ணைத் தறியில் உட்கார வைத்தால் நாலு காசு வருமே என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். இப்போது இந்த மலரை வாங்கியிருப்பவர்களிலும் சிலர் கேட்டார்கள். அப்பா மறுநாள் எனக்கு ஒரு ஜாமெட்ரி பெட்டி வாங்கி வந்தார். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் நான். ஆசிரியப் பயிற்சி முடித்து இன்று செவிலிமேட்டில் பாடம் சொல்லித் தருகிறேன். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அந்தப் பெருமை அவர் கொடுத்தது.

அப்பாவுக்கு ஒரே ஒரு பொழுதுபோக்கு உண்டு. அமாவாசையன்று தறி ஓடாது. அன்று விடிந்ததும் சைக்கிளில் தாமல் ஏரிக்குத் தூண்டில் போடப் போய்விடுவார். கூடப் போகிறவர் செவிலிமேட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காசிம் பாய். கரையில் இன்னும் நாலைந்து பேர் சேருவார்கள். ஒரு தையற்காரர், ஒரு பஸ் கண்டக்டர், இப்படி. வலை போடும் ஊர்க்காரர்கள் இவர்களை ‘அமாவாசைக்காரங்க’ என்று கேலி செய்வார்கள்.

அமாவாசையன்று எங்கள் வீட்டில் மீன் சமைக்க மாட்டார்கள். ஆகவே அப்பா பிடித்த மீன் ஒரு நாளும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. முழுவதும் காசிம் பாயின் கூடைக்குப் போய்விடும். திங்காத மீனை எதற்குப் பிடிக்கிறீர்கள் என்று அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். தை அமாவாசையன்று மதகுப் படியில் இறங்கித் தம் தகப்பனாருக்கு எள்ளும் தண்ணீரும் விடுவார் அப்பா. பிறகு அதே படியில் உட்கார்ந்து, அதே தண்ணீரில் தூண்டிலை வீசுவார்.

மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்த பிறகு, மார்கழியிலிருந்து பங்குனி வரை நான்கைந்து அமாவாசைகள். அவ்வளவுதான் அவர்களுக்கு ஒரு வருஷம். மதகின் கடைசிப் படிக்குக் கீழே தண்ணீர் இறங்கியதும் வேர்க்கடலையைக் கொறித்தபடி உட்கார்ந்து அந்த வருஷம் எப்படி என்று தீர்ப்புச் சொல்லுவார்கள். தன் வருஷத்தைத் தானே சொல்லக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தன்னைப் பற்றிச் சொன்னால் பொய் வரும் என்பார்கள். ஆளுக்கொரு அளவு இருந்தது. தையற்காரருக்குப் பெரிய மீன். கண்டக்டருக்கு, லீவு கிடைத்து வந்து சேர்ந்த நாட்கள். காசிம் பாய்க்கு, எத்தனை வீட்டுக்கு மீன் கொடுத்தனுப்பினார் என்பது.

அப்பாவின் வருஷத்தை மட்டும் தண்ணீரில் போன தூண்டில் முட்களை வைத்துச் சொன்னார்கள்.

மதகுக்கு நேரே முப்பது தப்படி தூரத்தில் தண்ணீருக்கடியில் ஓர் இடம் இருந்தது. அங்கே தூண்டில் விழுந்தால் மாட்டிக்கொள்ளும். பழைய பனை அடிமரம் ஒன்று கிடக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த இடத்தின் பெயரே பனைதான். பெரிய விரால்கள் அதன் நிழலில்தான் இருக்கும் என்று அப்பா நம்பினார். முள் போகுமே என்று மற்றவர்கள் ஒதுங்கினார்கள். அப்பா மட்டும் அங்கேயே வீசுவார். முள் போனால் சரியான தண்ணீரில் போட்டிருக்கிறோம் என்று பொருள்.

ஒரு வருஷம் ஜிலேபி மீன் கொள்ளையாக வந்தது. அப்பாவின் வாளி ஒவ்வொரு முறையும் நிறைந்தது. கடைசி நாளில் காசிம் பாய் தலையை ஆட்டிவிட்டார். “வருஷமே இல்ல அண்ணாத்தே. ஒரு முள்ளாச்சும் போச்சா ஒனக்கு? வாளிய ரொப்பிக்கினு ஒக்காந்தா வருஷம் ஆயிடுமா?” அப்பா தலையைக் குனிந்து ஒப்புக்கொண்டார். அடுத்த வருஷம் நாலே நாலு விரால், ஏழு முட்கள் போயின. நல்ல வருஷம் என்றார் பாய். அன்று அப்பா வழியெல்லாம் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வந்ததாகப் பாய் சொல்லிச் சிரிப்பார்.

பள்ளி விடுமுறையில் அமாவாசை வந்தால் நானும் பாடப் புத்தகத்தோடு போவேன். அப்படிப் போன ஒரு நாள் பனை ஒரு முள்ளை எடுத்தது. அப்பா இழுத்துச் சுருட்டிய நூலின் முனையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கழிவுப் பட்டு இழைகளைத் தாமே முறுக்கிச் செய்த அரக்கு நிற நூல் அது. பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“அறுந்தா முனை பிசிறிக்கினு இருக்கணும்மா. பாரு, ஒரு பிசிறு இல்ல. முடிச்சு போட்ட சுருளு அப்டியே இருக்குது.”

நான் முடிச்சு நழுவியிருக்கும் என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. அப்பா கோபிக்கவில்லை. தவறிப்போய் அங்கே விழும் மற்றவர்களின் நூல் அறுந்துதான் வருகிறது, தம்முடையது மட்டும் ஒவ்வொரு முறையும் அவிழ்ந்து வருகிறது என்று மெதுவாகச் சொன்னார். “யாரோ ஒக்காந்து பொறுமையா அவுத்து வுட்ட மாதிரி இருக்குது,” என்றார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. காற்றில்லை. தண்ணீர் கண்ணாடி போல் கிடந்தது. புத்தகத்தில் அதன் பிறகு ஒரு வரியும் என் மண்டையில் ஏறவில்லை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த ஆண்டு மழை பொய்த்தது. ஏரிக்குக் கொஞ்சம்தான் தண்ணீர் வந்தது. மாசி அமாவாசையன்று மூன்று முட்களைப் பனை எடுத்தது. அதோடு தண்ணீர் சரசரவென்று இறங்கி, வைகாசியில் ஏரி அடிவரை காய்ந்துவிட்டது. அப்படி ஒரு காய்ச்சலை யாரும் பார்த்ததில்லை. அந்த வருஷத்துத் தீர்ப்பைச் சொல்லிவிடலாம் என்று காசிம் பாய் வந்தார். நானும் போனேன். கரையில் நின்றதும் எனக்கு ஒன்றே ஒன்று தோன்றியது. இறங்கிப் போய்ப் பனையைப் பார்த்துவிடலாம்.

“வேணாம்மா. இருக்குதுன்னே இருக்கட்டும்,” என்றார் அப்பா.

“பயமாப்பா?” என்றேன்.

படித்த திமிர். அப்பா என்னை ஒரு முறை பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். காசிம் பாய்க்கு முட்டி வலி, தூரப் பார்வையும் மங்கல். அவர் சைக்கிள்களோடு கரைமேல் நின்றுகொண்டார்.

ஏரித்தரை முழுவதும் பாளம் பாளமாக வெடித்திருந்தது. நத்தை ஓடுகள் காலில் நொறுங்கின. ஒரு கொக்குகூட இல்லை. அப்பா மதகுத் தூணையும் எதிர்க்கரைப் புளியமரத்தையும் மாறி மாறிப் பார்த்து, அடியெண்ணி நடந்து, ஓரிடத்தில் நின்றார். இதுதான் என்றார். அவர் இடம் தவற மாட்டார்.

அங்கே பனை இல்லை. அடிமரம், வேர், கல், எதுவும் இல்லை. ஒரு பாய் விரிக்கும் அகலத்துக்கு மண் வெடிக்காமல் வழவழவென்று கிடந்தது, அவ்வளவுதான். நான் குனிந்து தேடினேன். பழைய முட்கள் துருப்பிடித்து மண்ணாகியிருக்கலாம். பட்டு நூல் மக்கியிருக்கலாம். மாசியில் போன மூன்று முட்களாவது கிடக்க வேண்டும் அல்லவா? ஒன்றுகூட இல்லை. அந்த மண்ணில் கையை வைத்தேன். அந்த வெயிலில் அது கிணற்றுக் கல் போல் குளிர்ந்திருந்தது. அப்பா என் தோளைப் பிடித்து இழுத்தார். அவர் அந்த இடத்தில் கால் வைக்கவே இல்லை.

கரையிலிருந்து காசிம் பாய் குரல் கொடுத்தார். “அண்ணாத்தே, பனை இருக்குதா?”

அப்பா அந்த மண்ணை ஒரு முறை பார்த்தார். பிறகு திரும்பிச் சத்தமாகச் சொன்னார். “இருக்குது பாய்.”

என் அப்பா சொல்லி நான் கேட்ட பொய் அது ஒன்றுதான். நான் அதை அப்படியே விட்டிருக்க வேண்டும். கரையேறியதும், உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று படித்த நான், “இல்ல மாமா. அங்க ஒண்ணுமே இல்ல. வெறும் மண்ணுதான்,” என்று சொல்லிவிட்டேன். காசிம் பாய் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வேர்க்கடலைப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. அந்த வருஷத்துக்குத் தீர்ப்புச் சொல்லாமலே திரும்பினோம்.

அடுத்த ஆண்டு ஏரி நிறைந்தது. அப்பா போனார், ஆனால் பனைக்கு நேரே வீசவில்லை. மதகுக்கு இடப்புறம், கெண்டைகள் வரும் இடத்தில் வீசினார். முள் ஒன்றும் போகவில்லை. கடைசி நாளில் என்ன சொல்வது என்று காசிம் பாய்க்குத் தெரியவில்லை. சொல்லாமலே எழுந்துவிட்டார். அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. கரையில் எல்லோருக்கும் தீர்ப்பு உண்டு, அப்பாவுக்கு மட்டும் இல்லை. ஒருநாள் நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, கிளம்பு என்றார்.

நான் வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம் அப்பா மஞ்சள் காமாலையில் படுத்தார். படுக்கையிலும் அவர் விரல்கள் சும்மா இருக்கவில்லை. போர்வை ஓரத்து நூலில் ஒரு முடிச்சுப் போடுவார். காலையில் அம்மா பார்க்கும்போது அது அவிழ்ந்திருக்கும். தூக்கத்தில் அவரே அவிழ்த்திருப்பார் என்றார் அம்மா. இருக்கலாம். அப்பா அந்த நூலின் சுருளை விரலால் தடவிப் பார்த்து லேசாகச் சிரிப்பார். புரட்டாசியில், மத்தியான வேளையில், அம்மாவும் நானும் பக்கத்தில் இருக்கும்போது அமைதியாகப் போனார். கடைசியாகப் போட்ட முடிச்சு அப்போது போர்வையில் இல்லை.

அப்பாவின் நோய்க்காலத்தில் கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்த வைத்தியருக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாளுக்கும், தறியை நிறுத்திவிட்டு வந்து தோள் கொடுத்த தெருவாருக்கும், மகன் இல்லாத வீட்டில் கடமைகளை முன்னின்று செய்த சித்தப்பா மகனுக்கும், இந்த மலரைக் கடனுக்கு அச்சடித்துக் கொடுத்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

காசிம் பாய்க்குச் சொல்லும் நன்றியைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

அப்பாவின் மூன்று வருஷங்கள் தீர்ப்பில்லாமல் நிற்கின்றன, என்னால்தான் நிற்கின்றன, சொல்லிவிடுங்கள் என்று அவர் கடைக்குப் போய்க் கேட்டேன். வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது என்றார் அவர். முள் போனால்தான் சொல்ல முடியும். அப்பா தம் தூண்டிலில் கட்டிய கடைசி முள் அப்படியே இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அப்பா கையால் போட்ட முடிச்சு என்று எங்களிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

தை அமாவாசையன்று சித்தப்பா மகன் மதகுப் படியில் எள்ளும் தண்ணீரும் விட்டு முடித்ததும், அப்பாவின் தூண்டிலோடு நான் இறங்கினேன். காசிம் பாய் பக்கத்தில் நின்றார். ஏரி நிறைந்திருந்தது. தூணையும் புளியமரத்தையும் பார்த்து, பலங்கொண்ட மட்டும் வீசினேன். ஈயக்குண்டு விழுந்த சத்தம் கேட்டது. வளையங்கள் பரந்து அடங்கின. முதலில் ஒன்றுமில்லை. நூல் என் விரலில் தொளதொளவென்று கிடந்தது. அடியில் வெறும் மண்தான் என்று எனக்குத் தெரியும். என் கையால் தொட்ட மண். அப்படியும் மாட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

நூல் விறைத்தது. மீன் இழுப்பது போல் வெடுக்கென்று இல்லை. யாரோ முனையைக் கையில் வாங்கிக்கொண்டது போல் இருந்தது. நான் இழுத்தேன், வரவில்லை. “இழுக்காத. சும்மா இரு,” என்றார் காசிம் பாய். நின்றேன். நூல் வழியாக விரலுக்கு ஏதோ சின்னச் சின்ன அசைவுகள் வந்தன, இழை புணைக்கும்போது அப்பாவின் கை அசையுமே அதுபோல. பிறகு கனம் விட்டுப்போயிற்று.

சுருட்டி எடுத்தேன். முள் இல்லை. முனையில் ஒரு பிசிறும் இல்லை. அப்பா போட்ட முடிச்சின் சுருள் மட்டும் ஈரத்தோடு அப்படியே இருந்தது.

காசிம் பாய் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். என் உள்ளங்கையில் வைத்து மூடினார். பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் சித்தப்பா மகனுக்கும் வேர்க்கடலை கொடுத்தார். பிறகு, பக்கத்தில் அப்பா எப்போதும் உட்காரும் படியைப் பார்த்துச் சொன்னார்.

“மூணும் நல்ல வருஷம்தான் அண்ணாத்தே.” என்னிடம் திரும்பினார். “நீ படிச்ச பொண்ணு. எழுதி வை.”

எழுதிவிட்டேன்.