வைஃபையில் ஒரு தனிப் பாடு

எங்கள் குப்பத்தில் எந்த வீட்டின் வைஃபை கடவுச்சொல்லையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கரைக்குப் போய் அந்த வீட்டுப் படகைப் பார்த்தால் போதும். பக்கவாட்டில் ஒரு முழ உயரத்துக்கு எழுதியிருக்கும் பதிவு எண்தான் கடவுச்சொல். இணைப்புக் கொடுக்க வந்தவர், எட்டு எழுத்துக்குக் குறையாமல் மறக்காத எதையாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். முதல் வீட்டில் படகு எண்ணைச் சொன்னார்கள். அடுத்தடுத்த வீடுகளிலும் அப்படியே. என் நைனாவும் அதையேதான் சொன்னார். பூநாரை பார்க்க வருகிறவர்கள் எங்கள் படகுகளையும் படமெடுத்துக்கொண்டு போவார்கள். எத்தனை ஊர்க் கைபேசிகளில் எங்கள் கடவுச்சொல் இருக்கிறதோ தெரியாது.

எங்கள் வைஃபையை எங்களைவிட அதிகம் நம்பியிருந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. அவர் கணவர் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை மட்டும் கரையில் இருப்பார். நம் கணக்குக்கு மத்தியானம் மூன்று மணிக்கு, அறையில் எல்லோரும் முறை வைத்துப் பேசும்போது அவருக்குக் கால் மணி நேரம் கிடைக்கும். அக்கா வீட்டில் செல்போன் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. அதனால் பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்வாசல் படிக்கு வந்துவிடுவார். அந்தக் குழந்தையை அதன் அப்பா இதுவரை கைபேசியில்தான் பார்த்திருக்கிறார்.

நான் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே ஒரு திருகாணி அளவு ஓட்டையைக்கூட விட மாட்டேன். சொந்த வீட்டு ரவுட்டரை இரண்டு வருடமாகத் திறந்தே பார்க்கவில்லை. அம்மாதான் பார்க்க வைத்தாள்.

"கோலம் பாக்கலாம்னு தொட்டா, போன்ல வைரஸ் கீது, இத்த அமுக்குனு வருது. அமுக்கவா?"

அமுக்கிவிட்டாளா என்று பதறிக் கேட்டேன்.

"உன்னக் கேட்டுனு அமுக்கலாம்னு ரெண்டு நாளா வச்சுனு கீறேன்."

அன்று வியாழக்கிழமை சாயங்காலம். ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தேன். மூன்று பேர் இருக்கும் வீட்டில் இருபத்து மூன்று கருவிகள் இணைந்திருந்தன. உள்ளே நுழைவதற்கான நிர்வாகச் சொல், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த தாளில் அச்சிட்டிருந்த அதே சொல். இணையதளங்களுக்கு வழிகாட்டும் முகவரியை யாரோ மாற்றியிருந்தார்கள். நாம் பொன்னேரிக்கு வழி கேட்டால் வேறெங்கோ கைகாட்டுகிற ஆளைச் சந்தியில் நிறுத்தி வைத்ததுபோல. யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது.

எனக்குப் பட்டியல் போட்டால்தான் கை ஓடும். பால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். ஒன்று, நிர்வாகச் சொல்லை மாற்று. இரண்டு, வைஃபை சொல்லை மாற்று. படகு எண் வேண்டாம். மூன்று, வழிகாட்டும் முகவரியைப் பழையபடி வை. நான்கு, வெளியிலிருந்து ரவுட்டருக்குள் நுழையும் வசதியை நிறுத்து. பொத்தானை அமுக்கினால் யாரும் இணைந்துகொள்ளலாம் என்ற வசதியையும் நிறுத்து. ஐந்து, ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளைப் புதுப்பி. புதுப்பிக்கும்போது கரண்ட் போகக் கூடாதே என்று விளக்கைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். போகவில்லை. ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, வீட்டு ஆட்களின் கைபேசிகளில் புதிய சொல்லைப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். அம்மாவும் நைனாவும் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் பழவேற்காடு போயிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் குழாயடியில் அம்மா, உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று அக்காவைச் சாதாரணமாகக் கேட்டிருக்கிறாள். இந்த வாரம் பேசவில்லை என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அக்கா போய்விட்டார். அம்மா வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்காராமல் போனாள். அதுவே போதுமாக இருந்தது.

புதிய சொல்லை அக்காவுக்கும் கொடுத்துவிடுவது சுலபம். ஆனால் அவர் கைபேசியிலும் அந்த வைரஸ் பக்கம் வந்து, அவர் அமுக்கியிருந்தால்? திரும்ப எங்கள் கருவிகளோடு அதை ஒன்றாக விடுவதற்குத் தயங்கினேன். இதை நைனாவிடம் சொன்னேன். அவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்க இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வார்கள்; அதற்குப் பாடு என்று பெயர். நைனாவுக்கு எதையும் அதை வைத்துத்தான் யோசிக்க வரும்.

"ரெண்டு வலைய ஒரே எடத்துல போட்டா சிக்கத்தான் செய்யும். அந்தப் பொண்ணுக்குனு தனியா ஒரு பாடு வுட்டுடேன். தண்ணி ஒண்ணுதான?"

ரவுட்டரில் விருந்தினருக்கென்று தனி வலையமைப்பு வைக்கும் வசதி உண்டு. அதில் இருப்பவர்களுக்கு இணையம் கிடைக்கும். எங்கள் கருவிகளைத் தொட முடியாது. தொழிற்சாலையில் வாரம் ஒருமுறையாவது இதைச் செய்கிறேன். பட்டியலில் எழுதத் தோன்றவில்லை.

அன்றே அக்கா வீட்டுக்குப் போனேன். குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், வேலைக்குப் போகும் பஸ்ஸில் கூட்டமா என்று விசாரித்தார். நானே ஆரம்பித்தேன்.

"என் தப்புக்கா. பூட்ட மாத்துனவ சாவி குடுக்கல."

"அது உங்க வூட்டுது பாப்பா. எத்தினி நாளிக்கு ஒட்டிக்கினு இருக்கறது?" மடித்த சட்டையைப் பிரித்துத் திரும்ப மடித்தார். "உங்க படில குந்தினு படகு நம்பர நாலு தபா அடிச்சுப் பாத்தேன். அப்பால, யாராச்சும் பாத்தா இன்னா நெனப்பாங்கன்னு எழுந்து வந்துட்டேன். அது அங்க கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்துட்டு, கொயந்தைக்கு ஒடம்பு சரியில்லையோன்னு நெனச்சுனே படகு ஏறியிருக்கும்."

அவரை எங்கள் பின்வாசல் படிக்குக் கூட்டிவந்தேன். என் கைபேசியை அவர் கையில் கொடுத்து, இது உங்களுக்கான தனி வைஃபை, சொல்லை நீங்களே வையுங்கள் என்றேன். பெயர் வேண்டாம், பிறந்த நாள் வேண்டாம், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வார்த்தை போதும் என்று விளக்கினேன். அதற்கு முன் அவர் கைபேசியைப் பார்த்தேன். நல்லவேளை, அவர் எதையும் அமுக்கியிருக்கவில்லை. அக்கா சுவரைப் பார்த்து யோசித்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். நடுவில் ஒருமுறை தனக்குள் சிரித்துக்கொண்டார். ரவுட்டருக்குள் போனால் அந்தச் சொல்லை என்னால் பார்க்க முடியும். பார்க்கவில்லை.

"எய்தி வச்சுக்கலாமா?"

"வீட்டுக்குள்ள வச்சுக்குங்க. படகுல மட்டும் எழுதிடாதீங்க."

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். இரண்டரைக்கே அக்கா வந்துவிட்டார். குழந்தை தோளில் தூங்கிப் போயிருந்தது. படியில் பாயை விரித்து அதைக் கிடத்தினோம். மூன்று மணி தாண்டியது. மூன்று பத்து. அக்கா என்னைப் பார்க்கவில்லை; திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் ரவுட்டரைப் பார்த்தேன். விளக்கெல்லாம் எரிந்தது. திரும்பி வரும்போது அக்காவின் கைபேசி அடித்தது.

"கொயந்தைக்கு இன்னா?" அதுதான் அக்காவின் கணவர் முதலில் கேட்டது.

ஒன்றுமில்லை, தூங்குகிறது, எழுப்பட்டுமா என்றார் அக்கா. வேண்டாம் என்றுவிட்டார். அக்கா கைபேசியைக் குழந்தையின் மேல் மெல்ல நகர்த்தினார். முகம், கை, வயிறு, பாதம். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். திரையில் அவர் கண்ணைச் சிமிட்டாமல் இருந்தார்.

"கால் எவ்ளோ வளந்துட்ச்சு," என்றார். "அந்தாண்ட காலக் காட்டு."