கவலை மாடுகளும் எங்கள் காரும்

ராசிபுரம் பக்கம் எங்கள் தோட்டம். என் வீட்டுக்காரர் பழைய கார் ஒன்றை வாங்கி, ஞாயிறுதோறும் வண்டிக் கொட்டகையில் தானே பழுது பார்ப்பார். அன்று முன்பக்கத்தைத் தூக்க வேண்டியிருந்தது. கிணற்று வடத்தைக் காரில் கட்டி, விட்டத்து உருளையில் போட்டு, தண்ணீர் இறைக்கும் கவலை மாடுகளைப் பூட்டி இழுத்தார். கார் எழும்பியது. "அப்படியே நில்லுங்க சாமி" என்று மாடுகளைத் தட்டிக் கொடுத்துவிட்டு அடியில் நுழைந்தார்.

அவர் கைகழுவ ஆகுமென்று நான் குடத்துத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினேன். அந்தச் சத்தம் கேட்டதும் மாடுகள் பின்னால் நடக்கத் தொடங்கின. கிணற்றில் தோல்பறி தண்ணீரைக் கொட்டியதும் பின்வாங்குவதுதானே அவற்றின் தினசரி வேலை! கார் இறங்கியது. குடத்தைப் போட்டுவிட்டு, "ஏனுங்க, வெளியே வாங்க!" என்று அலறியபடி மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாடுகளை முன்னால் இழுத்தேன். அவர் உருண்டு வந்தார். முகமெல்லாம் எண்ணெய்க் கரி.

"உன்ற கால மாடு மிதிச்சிருச்சா, புள்ள?" என்றார். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது கருங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்து, மாடுகளைக் காட்டுக்கு ஓட்டிய பிறகே அவரை அடியில் விடுகிறேன். ஆனாலும் அவர் வெளியே வரும்வரை தண்ணீர்க் குடத்தைத் தொடுவதில்லை. எனக்கு எவ்வளவு தாகமானாலும் சரி.