மாலத்தீவும் வெளிநாடுதான்

எங்கள் பக்கம் வெளிநாடு என்றால் அது பிரான்ஸ்தான். வேறு நாடுகளும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மதிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். மாலத்தீவில் ஒரு கிளப்புக்கு ஆட நான் கையெழுத்துப் போட்ட வாரம், வில்லியனூர் கடைத்தெருவில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தினார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். சிப்பாய்க்கான பிரெஞ்சுச் சொல்லால், சொல்தா என்றுதான் ஊரே அவரை அழைக்கும்.

“வெளிநாடு போறியாமே. பாரிசா, மார்சேயா?”

“மாலே.”

“அது எங்கபா கீது?”

“மாலத்தீவு. தூத்துக்குடிக்கு அந்தாண்ட, கடல்ல.”

“மீன் புடிக்கவா?”

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஒன்பது வருடமாகப் பந்து உதைத்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சென்னையில் இரண்டு சீசன், கோவாவில் மூன்று, கொல்கத்தாவில் நான்கு. நான் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத்தைக் காக்கிற தடுப்பாட்டக்காரன். ஜெயித்தால் கோல் போட்டவனைப் பற்றிப் பேசுவார்கள். தோற்றால் கோல் கீப்பரைப் பற்றிப் பேசுவார்கள். லெஃப்ட் பேக்கைப் பற்றி அவன் அம்மாதான் பேச வேண்டும். என் அம்மா அதையும் செய்யவில்லை. “அவன் கல்கத்தால வேலையா கீறான்” என்று உறவுக்காரர்களிடம் சொல்வாள். என்ன வேலை என்று கேட்டால் காபி போட எழுந்துவிடுவாள்.

அப்பாவுக்குக் கரும்பும் நெல்லும். சீசன் உச்சத்தில் இருக்கும்போதுதான் அவருக்கு வெட்டுக்கூலி ஆள் கிடைக்காமல் போகும்.

“ரெண்டு நாள் லீவு போட்டு வாயேன்டா. ஞாயித்துக்கெழமகூடவா லீவு இல்ல? இன்னா கம்பெனி அது?”

“ஞாயித்துக்கெழமதாம்பா மேட்சே.”

“அப்ப மத்த நாள்ல இன்னா பண்றீங்க?”

இதற்கு நான் ஒன்பது வருடமும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மாலே போய்ச் சேர்ந்ததும் புதிய தலைவலி ஆரம்பித்தது. ஒரு நாட்டில் ஆடியவன் இன்னொரு நாட்டில் ஆட வேண்டுமானால் பழைய இடத்திலிருந்து விடுவிப்புச் சான்றிதழ் வர வேண்டும். அது வராமல் களத்தில் கால் வைக்க முடியாது. பதிவுக்குக் கடைசி நாள் ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் அந்த சீசனே போச்சு. கொல்கத்தாவில் என் பழைய கிளப்பின் செயலாளர் சம்மதம் என்று ஒரு வரி அனுப்பினால் போதும். அவர் அனுப்பவில்லை. என் மேல் அவருக்குக் கோபமும் இல்லை. நான் கூப்பிட்டபோதெல்லாம் அன்பாக நலம் விசாரித்தார். நாளைக்கு என்றார். மூன்று வாரம் நாளைக்கு என்றார்.

காலையும் மாலையும் பயிற்சிக்குப் போவேன். மற்ற நேரத்தில் ஊரைச் சுற்றி ஓடுவேன். மாலே அத்தனை சின்னது. எங்கள் ஊசுடு ஏரிக்கரையில் ஓடுவதைவிடச் சீக்கிரம் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். ஆட்ட நாட்களில் அறையிலேயே கிடந்தேன்.

என் அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். திருவாண்டார்கோயிலில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். கால்பந்து என்றாலே அவளுக்கு எரிச்சல். பள்ளி நாளிலிருந்து என் சேற்றுத் துணிகளைத் துவைத்தவள் அவள்தான். ஒரு நாள் கூப்பிட்டாள்.

“இன்னாடா, எத்தன கோல் போட்ட?”

“இன்னும் ஆடவே இல்லக்கா.”

“மூணு வாரமா அங்க இன்னாதான் பண்ற?”

விஷயத்தைச் சொன்னேன்.

“அந்த ஆளு நம்பரக் குடு.”

“நீ பேசி இன்னா ஆவப்போவுது? அவரு பெரிய ஆளுக்கா.”

“நம்பரக் குடுடா.”

மறுநாளிலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து, அவள் கொல்கத்தாவுக்குப் போன் போட்டாள். அங்கே மூத்தவர்களை தாதா என்று அழைப்பார்கள், அண்ணன் என்று அர்த்தம். நான் சொல்லிக் கொடுத்ததுதான். அவளும் மரியாதையாக, தாதா, ப்ளீஸ் தாதா, நேத்தே அனுப்புறேன்னீங்களே தாதா என்று பேசியிருக்கிறாள். நான்காம் நாள் மேனேஜர் அவளைத் தனியாக அழைத்து, “யாரும்மா அந்த தாதா? மிரட்றானா? போலீஸுக்குப் போலாமா?” என்று கேட்டாராம்.

செயலாளர் சொன்ன காரணங்களை எல்லாம் அவள் ஒரு தாளில் எழுதி வைத்தாள். மீட்டிங். தலைவர் ஊரில் இல்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர். ரிப்பேர் பார்க்கிறவர் லீவு. அவள் போன் போட ஆரம்பித்த மூன்றாவது வாரம் அவர், “அனுப்பியாச்சே, வரவில்லையா?” என்றார். அக்கா தாளை எடுத்து முதலிலிருந்து ஆங்கிலத்தில் படித்துக் காட்டினாள். கடைசியில் கேட்டாள்: “திங்கட்கிழமை கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றீர்கள், புதன்கிழமை அதைப் பார்க்கிறவர் வரவில்லை என்றீர்கள், அப்படியானால் எந்தக் கம்ப்யூட்டரில் அனுப்பினீர்கள்?”



பதிவுக்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள் மதியம் சான்றிதழ் வந்தது. உடனே அவளைக் கூப்பிட்டேன்.

“சரி, வெச்சிடு. லஞ்ச் முடிஞ்சிடுச்சு” என்றாள்.

ஆட வந்தால் அங்கே வேறு கதை. “லெஃப்ட் பேக் என்னிடம் மூன்று பேர் இருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரன் கோல் போட வேண்டும்” என்றார் பயிற்சியாளர். ஒன்பது வருடத்தில் நான் போட்டது நாலு கோல், அதிலும் ஒன்று எங்கள் வலையிலேயே விழுந்தது என்று சொன்னேன். நான் விளையாட்டாகப் பேசுவதாக நினைத்துச் சிரித்துவிட்டு என்னை முன்னால் நிறுத்தினார். கோவாவிலும் கொல்கத்தாவிலும் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு நடக்கும் ராஜ உபசாரத்தைப் பார்த்துப் பொருமியவன் நான். இப்போது நானே வெளிநாட்டுக்காரன். ஆனால் மைதானத்துக்கு வெளியே ஒருவர் என்னிடம், “நீ இந்தியன் சரி, வெளிநாட்டு ஆள் எப்போது வருகிறான்?” என்று கேட்டார். நாலு ஆட்டம் முன்வரிசையில் தடுமாறினேன். ஐந்தாவது ஆட்டத்தில் எங்கள் அணியின் மூன்று லெஃப்ட் பேக்கில் கடைசி ஆளுக்கும் கணுக்கால் பிசகிய பிறகுதான் என் இடம் எனக்குக் கிடைத்தது. அதன்பின் யாரும் என்னை அங்கிருந்து நகர்த்தவில்லை.

இரண்டாவது சீசனில் அக்கா என்னைப் பார்க்க வந்தாள். மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகத் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறி வந்தாள். நாலு நாள் பயணம், நடுவில் ஒரே ஒரு ஆட்டம். அம்மா அவளிடம் ஒரு பொட்டலம் நிறையக் கருவாடு கொடுத்தனுப்பியிருந்தாள். நாலாபக்கமும் மீனைத் தவிர வேறெதுவும் இல்லாத ஊருக்கு, வில்லியனூர் சந்தையில் வாங்கிய கருவாடு.

அதைவிடக் கொடுமை, அவள் வருவதற்கு முந்தின ஆட்டத்தில் எனக்கு மஞ்சள் அட்டை காட்டினார்கள். பந்தை எறிய நேரம் கடத்தினேனாம். அதோடு என் கணக்கில் அட்டைகள் நிறைந்து, அடுத்த ஆட்டம் தடை. அவளை வரவேற்க விமான நிலையத்துக்குப் போனபோதுதான் சொன்னேன்.

“எட்டாங்கிளாஸ்ல இருந்து உன் பனியன் தொவச்சிகினு கீறேன். ஒரு மேட்ச் பாக்கலாம்னு கடல் தாண்டி வந்தா, நீ என் பக்கத்துல குந்திகினு பாக்கப்போறியா?”

அப்படித்தான் பார்த்தேன். ஆட்டம் தொடங்கியதும், “நீ எங்க நிப்ப?” என்று கேட்டாள். காட்டினேன். பிறகு பந்து எங்கே போனாலும் அவள் அந்த மூலையை மட்டுமே பார்த்தாள். எனக்குப் பதிலாக இறங்கியிருந்தவனுக்கு இருபது வயதுகூட இருக்காது.

“பின்னால பாருடா!” என்று திடீரென்று தமிழில் கத்தினாள். “பின்னால ஒருத்தன் வரான்டா!”

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் எதிரணிக்காரன் நழுவி ஓடியதை நான் அதுவரை கவனிக்கவில்லை. கவனிப்பதற்குள் கோல் விழுந்துவிட்டது.

அக்கா உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது.

“நீ இருந்திருந்தா அது வுழுந்திருக்காது.”

விழுந்திருக்கும். அந்த எதிரணிக்காரன் என்னைவிடவும் வேகம். “ஆமாக்கா” என்றேன்.

அங்கே மூன்று சீசன் ஆடினேன். பிறகு முட்டி ஒத்துழைக்காமல் ஊர் திரும்பி, இப்போது ஒரு பள்ளியில் பயிற்சி கொடுக்கிறேன். அக்கா கிளம்பிப் போன அடுத்த வாரம் தடை முடிந்து களம் இறங்கினேன். அதே மாதிரி ஒருத்தன் என் பின்னாலும் நழுவிப் போய்க் கோல் போட்டான். அதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.