மூத்தவள் பேர்

1951 ஆவணி மாதம். தக்கலைக்கு மேற்கே, தென்னந்தோப்புக்குள் இருந்த எங்கள் வீடு. என் இரண்டாவது மகளுக்கு அன்று இருபத்தெட்டுக் கட்டு. பிள்ளை பிறந்த இருபத்தெட்டாம் நாள், இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டி, காதில் பேர் சொல்லுகிற சடங்கு. வீட்டில் இருந்தவர்கள் நான், என் வீட்டுக்காரர், மாமியார், மாமியாரின் தம்பி, நாத்தனார், என் அண்ணன், சாப்பாட்டு நேரத்துக்கு வந்த வைத்தியர், மடியில் பிள்ளை. எட்டுப் பேர். ஒன்பதாவதாக இருக்க வேண்டியவள் மூன்று வருடத்துக்கு முன்பே போய்விட்டாள்.

மூத்தவள் போனது மழைக்காலத்துக் காய்ச்சலில். நாலு வயது நிறையவில்லை. அவ்வளவு சின்னப் பிள்ளைக்குத் திதி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். போட்டோ ஒன்றும் எடுத்திருக்கவில்லை. உடுப்புகளை, காய்ச்சல் தொற்றும் என்று எரித்தார்கள். மிஞ்சியது பேர் ஒன்றுதான். விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் தொழுவத்துப் பக்கம் விளையாடிக்கொண்டிருப்பாள். நான் புறவாசலில் நின்று கூப்பிடுவேன். அவள் போன பிறகும் அதை நான் நிறுத்தவில்லை. யாருக்கும் கேட்காமல் தினமும் ஒரு தடவை கூப்பிடுவேன். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நிற்பேன். பிறகு உள்ளே வந்து வேலையைப் பார்ப்பேன். அவளை நான் வைத்திருந்தது அப்படித்தான்.

சின்னவள் பிறந்ததும் மாமியார் திருப்பித் திருப்பிப் பார்த்து, காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் கண்டுபிடித்தார். மூத்தவளுக்கும் அதே இடத்தில் இருந்ததாம். அவளைத் தினமும் குளிப்பாட்டிய எனக்கு அப்படி ஒரு மச்சம் நினைவில்லை.

"ஏட்டி, இனி அழுது கரையாத. போனவதான் திரும்பி வந்திருக்கா. அதே பேரை இட்டாப் போரும்" என்றார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பேரைத் தேடி ஒரு தடவை வந்த சாவு, மறுபடியும் அதே பேரைக் கேட்டு வருமோ? வராவிட்டாலும், பேர் சின்னவளுக்குப் போய்விட்டால் மூத்தவளுக்கு என்ன மிச்சம்? முந்தின நாள் வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன். வேறு பேர் சொல்வதாகத் தலையாட்டினார்.

பிள்ளையின் ஒரு காதை வெற்றிலையால் மூடி, மற்றக் காதுப் பக்கம் அவர் குனிந்தார். மூன்று தடவை சொல்ல வேண்டும். நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே பேர்தான் என்று முதல் தடவையே தெரிந்துவிட்டது. மூன்றாம் தடவை குரல் உடைந்து எல்லாருக்கும் கேட்டது. மாமியார் குரவையிட்டார்.

அடுக்களையில் வைத்து, "இப்பிடிச் செய்துபோட்டியளே" என்றேன்.

"வேற பேரு சொல்லணும்னுதான் குனிஞ்சேன். எனக்கும் அதை வாய்விட்டுக் கூப்பிட்டு மூணு வருசமாச்சு. நான் என்ன செய்யட்டு?" என்றார். சாப்பாட்டு இலைகளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

சாப்பிடும்போது மாமியாரின் தம்பி வைத்தியரைச் சீண்டினார். "என்ன வைத்தியரே, பாயசம் மூணாவது தடவையா? பத்தியம் எல்லாம் எங்களுக்கு மட்டும்தானா?"

"இந்த வீட்டுல பழைய மருந்துக் காசு நிக்குதுல்லா? அதைப் பாயசமா எடுக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அது எந்த மருந்து என்று அடுத்த நிமிடம் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. சிரிப்பு நின்றது. வீட்டுக்காரர் மடியைத் தடவிக்கொண்டே, "எவ்வளவு?" என்று கேட்டார்.

வைத்தியருக்கு முகம் வாடிவிட்டது. "சும்மா சொன்னதுதான் மக்கா. மூத்தவளுக்க பேருல பதினெட்டுச் சக்கரம் காசு நிக்குது. அது கிடக்கட்டு."

மூத்தவளுக்க பேருல. காலையிலிருந்து அந்தப் பேரை எத்தனை பேர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! அது மூத்தவளுடையது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். வீட்டுக்காரர் சில்லறையை எண்ணத் தொடங்கிவிட்டார்.

"குடுக்காண்டாம்" என்றேன்.

"கடனை வச்சிற்று இருக்கதுக்கு என்னட்டி ஆசை?" என்று மாமியார் கேட்டார். கொடுத்துத் தீர்த்துவிட்டால் அவளுக்கென்று ஒன்றுமே இருக்காது என்பதை நான் எப்படிச் சொல்ல? வைத்தியர் என்னைப் பார்த்தார். "செரி மக்கா, நிக்கட்டு" என்று சொல்லிக் கை கழுவ எழுந்தார்.

அன்று மாலை புறவாசலுக்குப் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். தொட்டிலில் கிடப்பவள் பேராகத்தான் அது வந்தது. பிறகு நான் அங்கே நின்று கூப்பிட்டதில்லை. இப்போது அந்தப் பேரை எங்கே நின்று கூப்பிட்டாலும், "என்னம்மா?" என்று சின்னவள் ஓடி வருகிறாள். அணைத்துக்கொள்கிறேன். காய்ச்சல் அடிக்கிறதா என்று கழுத்தில் கைவைத்துப் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் தொழுவத்துப் பக்கம் இருப்பவளைக் கூப்பிட என்னிடம் வார்த்தை இல்லை.

வைத்தியரைச் சந்தைக்குப் போகிற வழியில் கண்டால், "நிக்குதா?" என்று கேட்பேன். "நிக்குது மக்கா" என்பார். போன வருடம் அவரும் போய்விட்டார். திருவிதாங்கூர்ச் சக்கரம் அதற்கு முன்பே செல்லாக் காசாகிவிட்டது. வாங்க ஆளும் இல்லை, கொடுக்கக் காசும் இல்லை. நானும் போய்விட்டால் அவள் ஒருத்தி இருந்தாள் என்று யார் சொல்வார்கள் என்ற கவலையில்தான், மூன்றாம் வகுப்போடு நின்ற நான் இதை எழுத உட்கார்ந்தேன். பேரை எழுதவில்லை. எழுதினால் தெரிந்தவர்கள் சின்னவளைத்தான் நினைப்பார்கள். என் மூத்த மகளுக்கென்று இந்தப் பூமியில் இன்னும் நிற்பது இவ்வளவுதான்: பதினெட்டுச் சக்கரம்.