டாம்பா சொன்ன சம்மதம்

என் பாரில் ஒரு சட்டம் உண்டு. பேஸ்பால் அணிகள் ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்கிற ஆள்மாற்று யோசனையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் சொல்கிறவர் எங்கள் மில்வாக்கி அணிக்காக மட்டும்தான் பேச வேண்டும். மற்ற அணிகளுக்காகப் பக்கத்து ஸ்டூல்களில் இருப்பவர்கள் பேசுவார்கள். சியாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்தவன் சியாட்டில்காரனாகவே யோசிக்க வேண்டும். சிநேகம், இரக்கம், ஓசி பியர் எதற்கும் இடமில்லை. ஆள் குறைந்தால் கவுண்டருக்கு உள்ளே நிற்கும் நானும் ஓர் அணி. இதைப் போட்டவர் என் புருஷன். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. இத்தனை வருஷத்தில் சட்டத்தை மீறிய ஒரே ஆள் நான்தான்.

நார்பெர்ட் க்ருஷ்காவை எல்லோரும் நார்ப் என்போம். முப்பத்தொரு வருஷம் பியர் ஆலையில் புட்டி நிரப்பும் வரிசையில் நின்றவர். அந்தச் சத்தத்தில் இடது காது போய்விட்டதால் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வார். வலது கை ஆள்காட்டி விரல் கோணல். மகன் டேரனுக்கு எட்டு வயதாக இருந்தபோது அவனுக்கு முகக்கவசத்தை மாட்டிவிட்டு வீட்டுக்குப் பின்சந்தில் தினமும் நூறு பந்து எறிந்தார். ஒரு நாள் பையன் திருப்பி எறிந்த பந்து விரலைப் பெயர்த்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல், பையனுக்கு இப்படி ஒரு கை வாய்த்திருக்கிறதே என்று என் பாருக்கு வந்து விரலைக் காட்டிக் காட்டிக் குடித்தார். பைத்தியம்தான். ஆனால் அந்த மாதிரிப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்கும்.

டேரன் கேட்சர் ஆனான். மட்டையோடு நிற்கிற அடிகாரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, முழங்கால் தேய, வருகிற பந்தையெல்லாம் பிடிக்கிற வேலை. எட்டு வருஷம் கீழ்மட்ட அணிகளிலேயே பஸ்ஸில் சுற்றினான். மேலே, பெரிய மைதானத்தில், ஒரு நாள்கூட நின்றதில்லை. இந்த வசந்தத்தில்தான் எங்கள் மில்வாக்கி அணியின் பட்டியலில் அவன் பெயர் ஏறியது; அதில் நாற்பது பேருக்கு மேல் இருக்க முடியாது. அன்று நார்ப் பாரில் இருந்த அத்தனை பேருக்கும் பிராந்தி வாங்கிக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் அப்படிச் செய்தது அந்த ஒரு தடவைதான். ஆனால் மேலே இருந்த கேட்சரோ ஆறு வருஷ ஒப்பந்தக்காரன். அவனுக்கு ஒரு தலைவலிகூட வருவதில்லை. அவன் இருக்கும்வரை டேரனுக்கு வழியில்லை. வேறு ஏதாவது அணி இவனைக் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

அதற்கும் கெடு இருந்தது. அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ள ஜூலை முப்பத்தொன்று, மாலை ஐந்து மணிதான் கடைசி. டேரனுக்கு வயது இருபத்தொன்பது. பெண்டாட்டியிடம் வாக்குக் கொடுத்திருந்தான்: அந்த நாளுக்குள் நகர்ந்தால் ஆட்டம், இல்லாவிட்டால் கையுறையைக் கழற்றிவிட்டு வீடு. ஷெபாய்கனில் ஒரு பள்ளிக்கூடம் அவனைப் பயிற்சியாளனாகக் கூப்பிட்டிருந்தது. முப்பதாம் தேதி, புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஜூலை முழுக்க நார்ப் ஆள்மாற்றைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. பியர் கோப்பைக்கு அடியில் வைக்கிற வட்ட அட்டைகளில் வளையம் வளையமாகப் போட்டு அம்புக்குறி இழுத்தார். மூன்று அணி, நான்கு அணி, ஒரு தடவை ஐந்து அணி. எந்த அட்டையை எடுத்துப் பார்த்தாலும் ஓர் அம்புக்குறியின் நுனியில் டேரன் இருந்தான். நான் துடைத்துத் துடைத்து எறிந்தேன். மறுநாள் புது அட்டை வந்தது.

கெடுவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. மீன் பொரியும் நாள் என்பதால் கூட்டம். நார்ப் அட்டையைக் கவுண்டரில் தட்டினார்.

“சியாட்டில் யாருய்யா?”

தபால்காரர் எலாடியோ கையைத் தூக்கினார். சம்பளத்துக்குக் கடிதம் கொடுப்பார், சந்தோஷத்துக்கு நார்ப்பைச் சீண்டுவார். “நான்தான். இன்னிக்கு எவன் தலையில மிளகா அரைக்கப் போறே?”

“டாம்பா யாரு?” என்றார் நார்ப்.

ஸ்டூலில் ஆள் இல்லை. “நீதாம்மா, லொரெய்ன்” என்றார்.

“மீனு கருகுது. சீக்கிரம் சொல்லு” என்றேன்.

“நம்ம ஒர்ட்டேகா சியாட்டிலுக்குப் போறான். சியாட்டில் அவங்களோட கடைசி இன்னிங்ஸ்ல பந்து எறியற பிட்சரை டாம்பாவுக்குக் குடுக்குது. டாம்பா அவங்க இடதுகை அடிகாரனை நமக்குக் குடுக்குது.”

“ஒர்ட்டேகாவுக்கு இன்னும் இருபது வயசு முடியல. சும்மா குடுத்தா வேணாம்னா சொல்லுவேன்? சியாட்டிலுக்குச் சம்மதம்” என்றார் எலாடியோ.

“டாம்பாவுக்குப் பிட்சர் மட்டுந்தானா?” என்று கேட்டேன். பதில் எனக்கே தெரியும்.

“கூட டேரனும்.”

எலாடியோ தன் கோப்பைக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

“என்கிட்டதான் ஏற்கெனவே கார்மைக்கேல்னு ஒரு கிழட்டு கேட்சர் இருக்கானே. அவனை என்ன பண்றது?” என்று டாம்பாவாகக் கேட்டேன்.

“அவனையும் எங்க தலையில கட்டிடு. வாங்கிக்கறோம்.”

“யோவ், நாற்பதை எண்ணுனியா?” என்றார் எலாடியோ. எப்போதும் அவர் கேட்கிற கேள்வி. “ரெண்டு பேர் போறான், ரெண்டு பேர் வர்றான். சரி. ஒருவேளை டேரனை விட்டுட்டு மத்ததெல்லாம் நடந்துச்சுன்னா? பட்டியல்ல நாற்பத்தொண்ணு ஆயிடும். அப்ப யாரைத் தூக்குவாங்க?”

“டேரனை ஏன் விடுவாங்க? அவனுக்காகத்தானய்யா இந்த மாற்றே!”

அங்கேதான் அவர் மொத்தமாகத் தடம் மாறியிருந்தார். உலகத்தில் மூன்று அணிகள் கூடிப் பேசுவது தன் மகனுக்காக என்று நினைத்துவிட்டார். எலாடியோ என் பக்கம் திரும்பினார். இப்போது டாம்பா பேச வேண்டும்.

டாம்பா என்ன பேசியிருக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். டேரன் ஆடுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஐந்து தடவை மட்டையோடு நின்றால் ஒரு தடவை அடிப்பான். வளைந்து வருகிற பந்தை அவன் கடைசிவரை கண்டுபிடித்ததே இல்லை. நல்ல பிள்ளை. நல்ல பிள்ளை என்பதற்காக யாரையும் பிட்சரோடு சேர்த்துப் பேரம் பேசுவதில்லை. இதைச் சொல்லத்தான் அந்த ஸ்டூல். நார்ப்பின் கோணல் விரல் அட்டை மேல் இருந்தது.

“டாம்பாவுக்குச் சம்மதம்” என்றேன்.

நார்ப் எம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு வெளியே போய், இந்த மாற்றைச் சொல்ல வானொலி நிலையத்துக்குப் போன் போட்டார். வெஸ்ட் ஆலிஸிலிருந்து ஸ்டான் என்று எப்போதும் பொய்ப்பெயர்தான் கொடுப்பார். உள்ளே வானொலியில் அவர் குரல் முழங்கியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்தும் அதே குரல் கேட்டது.

“டாம்பா எதுக்கு ஒத்துக்கணும், ஸ்டான்?” என்றார் வானொலிக்காரர்.

“எனக்குத் தெரிஞ்ச டாம்பாக்காரங்க ஒத்துக்கிட்டாங்க சார்!”

பார் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் நார்ப் வந்தார். பளிச்சென்று சவரம் செய்திருந்தார்.

“ஷெபாய்கன்காரங்களுக்கு வேண்டாம்னு சொல்லச் சொல்லிட்டேன்” என்றார். “பையன் ரொம்பத் தயங்குனான். டாம்பா உன்னை எடுக்கும்டான்னு அடிச்சுச் சொன்னேன். கேட்டுக்கிட்டான்.”

“நார்ப், அது நம்ம பார்ல பேசினதுய்யா” என்றேன்.

“தெரியும்மா. ஆனா உன் புருஷன் போட்ட சட்டமாச்சே. இந்த ஸ்டூல்ல பொய் பேசக் கூடாதுல்ல?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போன் போட இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அவருக்கு இன்னொரு பிராந்தி ஊற்றினேன். கோழை.

வியாழன் மாலை பாரில் ஒருவரும் சாப்பிடவில்லை. எல்லோர் கண்ணும் டிவியில். நாலு நாற்பதுக்குச் செய்தி ஓடியது: மில்வாக்கி, சியாட்டில், டாம்பா, மூன்று அணி மாற்று. நார்ப் ஸ்டூல் மேலேயே ஏறி நின்றுவிட்டார். “பாத்தீங்களா! பாத்தீங்களாடா!” என்று அலறினார். யார் யாரோ முதுகில் தட்டினார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒர்ட்டேகா சியாட்டிலுக்கு. பிட்சர் டாம்பாவுக்கு. இடதுகை அடிகாரன் எங்களுக்கு. கூடவே, எங்களுக்குக் கார்மைக்கேல்.

அவ்வளவுதான். வேறு பெயர் வரவில்லை.

“இன்னும் போடுவாங்க. எல்லாத்தையும் ஒரே தடவையில போட மாட்டாங்க” என்றார் நார்ப், ஸ்டூலிலிருந்து இறங்காமலே. எலாடியோ விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். அவர் எண்ணுவதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் துடைத்த கவுண்டரையே திரும்பத் துடைத்தேன். ஐந்து மணி ஆனது. டிவிக்காரர்கள் கைகுலுக்கி முடித்துக்கொண்டார்கள்.

ஐந்து பத்துக்கு நார்ப்பின் போன் அடித்தது. டேரன். காது கேட்காததால் அவர் எப்போதும் போனை ஒலிபெருக்கியில்தான் போடுவார். அன்றும் போட்டார்.

“எந்த ஊருப்பா?” என்றார். “சொல்லு, எந்த ஊரு?”

அந்தப் பக்கம் பஸ் இஞ்சின் சத்தம் கேட்டது.

“நம்ம ஊருதான்பா. கார்மைக்கேலுக்கு இடம் வேணும்னு என்னைப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. மூட்டையைக் கட்டிட்டேன். வீட்டுக்கு வரேன்.”

நார்ப் டிவியையே திரும்பப் பார்த்தார்.

“அப்பா? லைன்ல இருக்கீங்களா? அந்த ஸ்கூலுக்கும் இப்பத்தான் பேசினேன். நேத்தே வேற ஆளைப் போட்டுட்டாங்களாம். பரவால்லப்பா. நீங்க சாப்பிடுங்க.”

போன் நின்றது. பாரில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பணத்தை வைத்துவிட்டு நழுவினார்கள். எலாடியோ மட்டும் அவரைக் கைத்தாங்கலாக இறக்கி உட்கார வைத்தார். நார்ப் சட்டைப்பையிலிருந்து அந்த வெள்ளிக்கிழமை அட்டையை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். டாம்பாவின் வளையத்தில் கோணல் விரலை ஊன்றினார்.

“லொரெய்ன், நீ இப்ப டாம்பா. சட்டப்படி சொல்லு. என் பையனை நீ எடுப்பியா?”

இன்னொரு தடவை அந்தத் தப்பைச் செய்ய முடியாது.

“எடுக்க மாட்டேன், நார்ப்.”

அவர் தலையை ஆட்டினார். கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“இதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார்.